இடது பக்கம் ஒரு பூனை

கிரேன்காரருக்குப் பூட்டின்மேல் நம்பிக்கை கிடையாது. சரியாகச் சொன்னால் பூட்டியது யார் என்பதைப் பொறுத்தது. தம்பி பூட்டினால் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். மனைவி பூட்டினால் நாலு எட்டு வைத்தவர் திரும்பி வந்து, பூட்டைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்த பிறகுதான் கிளம்புவார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக இதே கதை. "உப்புப் போட்டாச்சுங்க" என்றால் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டுப் பார்ப்பார். "அடுப்பை அணைச்சாச்சு" என்றால் அடுக்களைப் பக்கம் ஒரு நடை போய் வருவார். மற்றபடி தங்கமான மனுஷன்தான். கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. ஆனால் தினம் மூன்று வேளை சந்தேகத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறிக்கொண்டிருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் தொண்டையில் இறங்கும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் வேலையே அளவு சொல்வதுதான். கணவரும் கொழுந்தனும் வேலை பார்க்கும் அதே மரக்கிடங்கில் அவள் அளவுக்காரி. லாரியில் வந்து இறங்கும் ஒவ்வொரு முழுமரத் தடியையும் கட்டிப்பிடிக்காத குறையாக நாடாவைச் சுற்றி, சுற்றளவு பார்த்து, வெட்டு முகத்தில் சுண்ணக்கட்டியால் எண் போடுவாள். அவள் சொன்ன அளவை அறுப்பு ஆலைக்காரர்கள் மறு அளவு எடுத்ததே இல்லை. மறு அளவெல்லாம் வீட்டில்தான்.

கொழுந்தன், அதாவது சின்னவன், கொக்கிக்காரன். கிரேன் கயிற்றின் நுனியில் தொங்கும் பெரிய இரும்பு இடுக்கியைத் தடியின் நடுவில் பொருத்திவிட்டு, "தூக்குண்ணே" என்பது அவன் வேலை. தடி அடுக்குகளுக்குப் பின்னால் நடப்பது எதுவும் கிரேன் கேபினிலிருந்து தெரியாது. அங்கே அவருக்குக் கண் சின்னவன்தான். கையில் ஒரு வாக்கி டாக்கியை வைத்துக்கொண்டு அவன் சொல்லச் சொல்ல, இவர் பார்க்காத இடத்தில் கொண்டுபோய்ப் பார்க்காத தடியை வைப்பார்.

அந்த வீட்டுக் குச்சி விளையாட்டும் இதிலிருந்து வந்ததுதான். குச்சி விளையாட்டு எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு பிடி மெல்லிய குச்சிகளை மேசை நடுவில் நிறுத்திப் பிடித்துக் கையை விட்டால் குவியலாகச் சரியும். மற்ற குச்சி எதுவும் அசையாமல் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒன்று அசைந்தாலும் முறை போய்விடும். மரத்துண்டுகளைச் சீவி நாற்பத்தோரு குச்சி செய்தவன் சின்னவன். அவனே ஒரு சட்டமும் போட்டான். இரண்டு இரண்டு பேராகத்தான் ஆட வேண்டும். ஒருத்தர் கண், ஒருத்தர் கை. கைக்குத் துணியால் கண்ணைக் கட்டிவிட வேண்டும். கண் தொடக்கூடாது, வாயால் சொல்லலாம். கண் கட்டியாயிற்று, நான் தயார் என்பதற்குக் கை சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுதான்: "சொல்லு."

"பகல் பூரா சம்பளத்துக்குச் செய்யறதை ராத்திரி ஓசியில செய்யறோம்" என்று சின்னவன் சிரிப்பான்.

அளவுகளை வகுத்தவள் வீட்டின் நடுவரான பத்து வயது மகள். எறும்பு என்றால் மயிரிழை. பல்லி என்றால் ஒரு விரல் கனம். பூனை என்றால் ஒரு விரல் நீளம். "வலது பக்கம் ஒரு பல்லி, கீழே ரெண்டு எறும்பு" என்று அந்த வீட்டிலிருந்து குரல் கேட்டால் வாசலில் போகிறவர்கள் ஏதோ பூச்சித் தொல்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கிரேன்காரர் கை, மனைவி கண். மகள் அப்பாவின் கண்ணைக் கட்டிவிட்டு முகத்துக்கு நேரே விரல்களைக் காட்டினாள்.

"இது எத்தனை?"

"தெரியாது."

"அப்ப சரி. வேணும்னே தப்பா ஒரு எண் சொன்னாத்தான் சந்தேகப்படணும்."

"ம், சொல்லு சொல்லு" என்றார் அவர் மனைவியிடம்.

அவள் உடனே சொல்கிற ஆள் இல்லை. மேசைமேல் கன்னத்தை வைத்து, குச்சிகளுக்கு நடுவே எங்கே வெளிச்சம் தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்து முடித்து எழுந்து அந்தப் பக்கம் போய்க் கன்னத்தை வைத்தாள்.

"அண்ணி பார்த்து முடிக்கிறதுக்குள்ள குச்சியெல்லாம் துளிர் விட்டுடும்" என்றான் சின்னவன்.

"பதறாத காரியம் சிதறாது. நீ வாயை மூடு" என்றவள், கணவரிடம் சொன்னாள். "மேல குறுக்கே கிடக்கறதைத் தொடாதீங்க. அடியில ஒண்ணு உங்க பக்கமா வால் நீட்டிக்கிட்டு இருக்கு. அதைத் தூக்காம அப்படியே உருவணும். வலது பக்கம் ஒரு பல்லி."

அவர் கை நகர்ந்தது, நின்றது. "அடியிலயா?"

"அடியிலதான்."

"அடிக்குச்சியை உருவினா மேல இருக்கறது இறங்கிடாதா?"

"இறங்காது. அது மேல எதுவும் படவே இல்ல. நடுவுல வெளிச்சம் தெரியுது."

அவர் மூக்கைச் சுருக்கினார். மோவாய் கொஞ்சம் உயர்ந்தது. மூக்குக்கும் துணிக்கும் நடுவில் ஒரு சந்து இருப்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடிக்குச்சியை நோக்கிப் போன கை வழியில் மனம் மாறி மேல்குச்சிக்குப் போயிற்று. தொட்டதும் குவியல் பொலபொலவென்று சரிந்தது.

"அப்பா பார்த்துட்டாரு!" என்று கத்தினாள் மகள்.

"பார்க்கல."

"பார்க்காமத்தான் கை தானா வழி மாறிப் போச்சாக்கும்" என்றாள் மனைவி.

"மேல இருக்கறதைத்தானே முதல்ல எடுக்கணும்? அது உலக நியாயம்."

"ஏண்ணே, நான் கண்ணா உட்கார்ந்தா மட்டும் ஒரு கேள்வி கேட்காம எடுக்கறீங்க?"

"நீ தினமும் சொல்றவன்டா. பழகிப்போச்சு."

"பன்னெண்டு வருஷமா நானும்தான் சொல்றேன்" என்றாள் அவள்.

அவள் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினாள். "இனிமே உங்களுக்குக் கண்ணா நான் உட்கார மாட்டேன். வேற யாரையாவது பார்த்துக்குங்க." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, அலுப்பாகச் சொன்னாள். கிரேன்காரர் எழுந்து, வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனார். வேறெங்கே போவார்!

திங்கட்கிழமை பிடித்த மழை புதன்கிழமையும் விடவில்லை. அந்த மூன்று நாளும் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது விரல் விட்டு எண்ணும் அளவுதான். கிடங்கில் தரையெல்லாம் சேறு. ஈரமரத்தின் புளித்த வாசனை எங்கும் நிறைந்திருந்தது. மதியம் தகரக்கொட்டகைக்கு அடியில் அவளும் சின்னவனும் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். கிரேன்காரர் வேலைநாளில் கேபினைவிட்டு இறங்க மாட்டார். அவர் பங்கை மேலே அனுப்பியாயிற்று.

"அண்ணி, அண்ணன் மேல கோபம் தீரலையா?"

"கோபம் என்ன கோபம். என் வார்த்தைக்கு வீட்டில அவ்வளவுதான் மதிப்பு."

"அவருக்கு உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. அவருக்கு எதையும் கண்ணால பார்க்கணும். மேல உட்கார்ந்து உட்கார்ந்து அப்படி ஆகிப்போச்சு."

"உனக்கு மட்டும் எப்படிக் கண்ணை மூடிக்கறாரு?"

சின்னவன் பேச்சை மாற்றினான். "இந்த ஞாயித்துக்கிழமை நான் கை, நீங்க எனக்குக் கண்ணா இருங்க" என்றான்.

"உனக்கு எதுக்குடா கண்ணு? அதான் வாய் இருக்கே."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து மழைக்குள் போனான். வடிகால் ஓரத்து அடுக்கைச் சரியாமல் தாங்கும் பக்க முட்டு ஒன்று சாய்ந்தாற்போல இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். முட்டுக்கு அடியில் மண் கரைந்திருந்தது அவனுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

சத்தம் கேட்டபோது எல்லோரும் இடி என்றுதான் நினைத்தார்கள். தரை நடுங்கியபோதுதான் ஓடினார்கள். பதினோரு தடிகள் உருண்டு வடிகாலுக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. சின்னவனின் வாக்கி டாக்கி சேற்றில் கிடந்து கரகரத்துக்கொண்டிருந்தது. அவனைக் காணவில்லை.

"இருக்கேன்!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "வடிகாலுக்குள்ள விழுந்துட்டேன். கால் மாட்டிக்கிச்சு!"

வடிகால் பள்ளம்தான் அவனைக் காப்பாற்றியிருந்தது. அதே பள்ளம்தான் இப்போது கொல்லப் பார்த்தது. மூன்று நாள் மழை அந்த வழியாகத்தான் வடிந்தது. தடிகள் விழுந்து பாதி அடைத்துக்கொண்டதில் தண்ணீர் தேங்கி ஏறியது. மேல்பக்கம் மண்மூட்டை போட்டார்கள். தண்ணீர் மூட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தது. தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்தால், பாலத்துக்கு மேல் வெள்ளம் போகிறது, சுற்றி வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். வடிகால் விளிம்பு வரை நிரம்ப ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பது பார்த்தாலே தெரிந்தது.

கிரேன் ஊர்ந்து வந்து நின்றது. குவியல்மேல் ஆள் ஏறி இடுக்கியைப் பொருத்த முடியாது. ஒரு கால் வைத்தால் மொத்தமும் உருளும். கிரேன்காரரே மேலிருந்து இடுக்கியை இறக்கிக் கவ்வ வேண்டும். கிடங்கு மேஸ்திரி வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு, "இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பார்த்துப் பார்த்து!" என்று கத்தினார். சுற்றி நின்ற ஆளாளுக்கு ஒரு கை காட்டினார்கள். இடுக்கி கிறுக்குப் பிடித்ததுபோல் காற்றில் ஆடியது.

"யாராவது ஒருத்தர் பேசுங்கய்யா!" என்று வாக்கி டாக்கியில் கிரேன்காரர் குரல் உடைந்தது.

அளவுக்காரி மேஸ்திரியின் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். பிறகு ஒருவரும் எதிர்பாராத காரியம் ஒன்று செய்தாள். சேற்றில் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்தாள்.

காலையில் அவள் எழுதிய எண்களெல்லாம் வெள்ளைத் தண்ணீராக வழிந்து போயிருந்தன. அவளுக்கு எண் தேவைப்படவில்லை. ஒவ்வொரு தடியையும் நாடாவோடு சேர்த்து அணைத்தவள் அவள். எது கனம், எது கோணல், எதன் முடிச்சு எந்தப் பக்கம் என்பது அவள் கைக்கே தெரியும். இந்தப் பக்கம் பார்த்தாள். எழுந்து ஓடி அந்தப் பக்கம் போய்ப் படுத்துப் பார்த்தாள்.

"என்னம்மா படுத்துக்கிட்டு! நேரமாகுது!" என்றார் மேஸ்திரி.

அவள் அவரைக் கண்டுகொள்ளாமல் வாக்கி டாக்கியில் பேசினாள். "நான் பேசறேன்."

"மேஸ்திரி எங்க?" என்றார் கிரேன்காரர்.

"பக்கத்துலதான் இருக்காரு. நான் பேசறேன். ஓரத்துல தனியா கிடக்கற மூணையும் முதல்ல எடுக்கணும். இடது பக்கம் ஒரு பூனை."

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பாவம், மூளை குழம்பிவிட்டது என்றே நினைத்தார்.

"பூனைன்னா எவ்வளவு?" என்று கேட்டது மேலிருந்து குரல்.

"நிஜப் பூனைங்க. மூக்கிலேர்ந்து வால் வரைக்கும்."

இடுக்கி இடது பக்கம் ஒரு பூனை நகர்ந்தது. "பல்லி... இன்னொரு பல்லி... நில்லுங்க. இறக்குங்க. கவ்வியாச்சு. தூக்குங்க." முதல் தடி மேலே போயிற்று. மற்ற எதுவும் அசையவில்லை. இரண்டாவது போயிற்று. மூன்றாவது போயிற்று. கேபின் கண்ணாடியில் வைப்பர் சடக் சடக்கென்று மழையைத் தள்ளிக்கொண்டிருக்க, அதற்குப் பின்னால் அவர் முகம் எட்டி எட்டிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த மூன்றும் பார்த்தாலே தெரிகிற தடிகள். அவருக்கும் சரியென்று பட்டதால் சொன்னபடி எடுத்தார். அடுத்ததில்தான் வந்தது வினை.

குவியலின் உச்சியில் ஏழடி சுற்றளவுள்ள பெருந்தடி ஒன்று கிடந்தது. பார்க்கிற யாரும் அதைத்தான் அடுத்து எடுக்கச் சொல்வார்கள். "பெரிசை எடுக்கச் சொல்லும்மா!" என்று மேஸ்திரி கத்தினார். இடுக்கியும் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

"அதைத் தொடாதீங்க!" என்றாள் அவள். "அது ஒரு குறுக்குத் தடியோட வாலை அழுத்திக்கிட்டு இருக்கு. பெரிசை எடுத்தா அந்தக் குறுக்குத் தடியோட தலை தம்பி மேல போய் இறங்கும். அடியில ஒல்லியா ஒண்ணு உங்க பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. தாழ்ப்பாள் மாதிரி அதுதான் தம்பி காலை வடிகால் சுவரோட சேர்த்து மறிச்சிருக்கு. அதைத் தூக்காம அப்படியே உருவணும்."

"அடியிலயா?"

ஞாயிற்றுக்கிழமை கேட்ட அதே கேள்வி, அதே குரல்.

"அடியிலதான்."

"மேல இருந்து பார்த்தா மொத்தத்தையும் அதுதான் தாங்கற மாதிரி தெரியுது. உருவினா எல்லாம் இறங்கிடும்."

"தாங்கல. அது மேல எதுவும் படல. இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ரெண்டு விரல் வெளிச்சம் தெரியுது. நீங்க மேல இருந்து பார்க்கறீங்க. நான் கன்னத்தைத் தரையில வச்சுப் பார்க்கறேன்."

தடிகளுக்கு அடியிலிருந்து சின்னவன், "அண்ணே, கழுத்துக்கு வந்துடுச்சு" என்றான். கத்தக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

அவள் கேபினை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நேரம் சடக் சடக்கென்று ஓடிய வைப்பர் பாதி வழியில் நின்றது. மழை கண்ணாடியை ஒரே நொடியில் மூடியது. அவர் முகம் காணாமல் போயிற்று. ஐயோ, இந்த நேரம் பார்த்தா கெட்டுத் தொலைய வேண்டும், இனி எதைப் பார்த்து இழுப்பார் என்று நினைத்தாள் அவள்.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"சொல்லு."

அந்த ஒரு வார்த்தைதான். அதற்குமேல் அவளுக்கு யோசிக்க நேரமில்லை. சொன்னாள். "வலது பக்கம் ஒரு பல்லி. இறக்குங்க. இறக்குங்க. ஒரு எறும்பு. கவ்வியாச்சு. இப்ப தூக்காதீங்க. உங்க பக்கமா இழுங்க. மெதுவா. ஒரு எறும்பு. இன்னொரு எறும்பு. தலை இடிக்கப் பாக்குது, இடது பக்கம் அரை எறும்பு. அப்படியே. அப்படியே வாங்க."

அரை டன் மரம் எறும்பு எறும்பாக ஊர்ந்து வந்தது. அதற்கு மேலே ஏழு தடிகள் இரண்டு விரல் உயரத்தில் வானத்தில் மாட்டி வைத்ததுபோல் கிடந்தன. ஒன்றின்மேல் ஒட்டியிருந்த ஈர இலைகூட நழுவவில்லை. கிடங்கில் முப்பது பேர் நின்றார்கள், ஒருவர்கூட இருமவில்லை. இருபது வருஷம் தடி தூக்குவதைப் பார்த்தே நரைத்த மேஸ்திரி தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வாய் திறந்தது திறந்தபடி நின்றார். இப்படியும் ஒரு வேலை இந்தப் பூமியில் உண்டா என்று அன்றைக்கு நின்றவர்கள் இன்றைக்கும் சொல்லி மாளவில்லை. கல்லுக்கும் கும்பிடத் தோன்றும் காட்சி அது. தடியின் கடைசி முனை குவியலைவிட்டு வெளியே வந்தபோது ஒரு சின்ன சத்தம் கேட்டது, கதவில் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். மேலே எதுவும் அசையவில்லை.

"கால் வந்துடுச்சு!" என்றது அடியிலிருந்து குரல்.

தடி விலகிய சந்து வழியே இரண்டு ஆட்கள் கையை நீட்டிச் சின்னவனை இழுத்தார்கள். தார்ப்பாயில் கிடத்தியபோது அவன் நீலம் பாரித்திருந்தான். கணுக்கால் முறிந்து கோணிக்கொண்டிருந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. "அண்ணி, பூனைன்னு சொன்னீங்க பாருங்க, சிரிச்சிட்டேன். ஒரு வாய்த் தண்ணி உள்ள போயிடுச்சு" என்றான். அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, வந்தது நிற்கவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. சின்னவனை ஏற்றினார்கள். கிரேன்காரர் மட்டும் இறங்கி வரவில்லை. அவள் இரும்பு ஏணியில் ஏறிக் கேபின் கதவைத் திறந்தாள். அவர் இரண்டு கையாலும் நெம்புகோல்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விரல்கள் பிரியவில்லை. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

"தம்பி நல்லா இருக்கான். கால்தான் உடைஞ்சிருக்கு. பேச ஆரம்பிச்சிட்டான்."

"ம்."

வைப்பரின் விசையை அவள் பார்த்தாள். அது கீழ்நோக்கி அணைந்த நிலையில் இருந்தது. விரலால் மேலே தட்டினாள். வைப்பர் சடக்கென்று எழுந்து கண்ணாடியை ஒரே வீச்சில் துடைத்தது. கிடங்கு முழுவதும் பளிச்சென்று தெரிந்தது. தடிகள், வடிகால், சேற்றில் அவள் படுத்திருந்த இடத்தில் அவள் உருவத்துக்கு ஒரு பள்ளம்.

"வேலை செய்யுதே" என்றாள் அவள். "கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கண்ணு திறந்திருந்தா கை வழி மாறிப் போயிடும்" என்றார்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கீழே கூடப்பிறந்த தம்பி கழுத்தளவு தண்ணீரில் கிடக்கிறான். கண் ஒன்று சொல்கிறது, மனைவி வேறொன்று சொல்கிறாள். அந்த நேரத்தில் ஒரு மனிதன் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டு "சொல்லு" என்று சொல்வதென்றால் அது எத்தனை பெரிய காரியம்! அதுவும் இந்த மனிதர்! தடியை உருவியது பெரிதா, இது பெரிதா என்று கேட்டால் இதுதான் பெரிது என்று அவள் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வாள். அவர் கையை எடுத்துத் தன் சேறு படிந்த கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மகள் குச்சி டப்பாவை எடுத்துக்கொண்டாள். சித்தப்பா படுக்கையில் இருந்தபடியே ஆடுவாராம். அளவுக்காரி ரொட்டியும் பிளாஸ்கில் தேநீரும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திப் பூட்டினாள்.

"பூட்டியாச்சா?" என்றார் கிரேன்காரர்.

"பூட்டியாச்சுங்க."

நடந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எட்டு. அவர் நின்றார். தலையைச் சொறிந்தார். திரும்பிப் போய், பூட்டைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார்.

"அப்பா!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "நேத்து அவ்வளவு நடந்தும் நீங்க திருந்தலையா?"

நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று கேட்கலாம்தான். ஆனால் அளவுக்காரி சிரித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பூட்டுச் சத்தம் அவளைக் குத்தவில்லை. பூட்டைக்கூட நம்பாத இந்த மனுஷன்தான் நேற்று அவள் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு இருட்டில் கையை நீட்டினார்.

"போகட்டும் விடுடி" என்றாள் மகளிடம். "நல்லா ஆட்டிப் பார்த்துட்டு வரட்டும்."

அவர் வந்து சேரும்வரை அம்மாவும் மகளும் தெருவில் காத்துக்கொண்டு நின்றார்கள்.